லேப்டாப் திரையில் திட்டுத்திட்டாகத் தெரிகிறதா? முதலில் அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: மூன்று வருடமாகப் பயன்படுத்தும் 15.6 அங்குல லேப்டாப். திரையின் மேல்பாதியில், நடுவாக்கில், இரண்டு இடங்களில் மங்கலான வெள்ளைத் திட்டுகள். கீழ் ஓரத்தில் இடது பக்கம் கொஞ்சம் இருட்டு. துடைத்துப் பார்த்தும் போகவில்லை. பழுது பார்ப்பவர்களிடம் கேட்டால் ஒருவர் கிராஃபிக்ஸ் சிப் போய்விட்டது, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் டிரைவரை, அதாவது அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளை, புதுப்பித்தால் சரியாகிவிடும் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். கிராஃபிக்ஸ் சிப் கெட்டால் படம் கட்டம் கட்டமாக உடையும், கோடு விழும், நிறம் தாறுமாறாகும், சில நேரம் படமே வராது. ஓரம் மங்கி மேகம் போல இருக்கும் ஒரு திட்டு, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பது அதன் வேலை கிடையாது. ஆனாலும் யூகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். எதையும் கழற்றாமல் அரை மணி நேரத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அதற்குத் திரையின் உள்ளமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் ஒரே கண்ணாடி போலத் தெரிகிற எல்சிடி திரை, உண்மையில் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கிய பொருள். பின்னாலிருந்து வருவோம். முதலில் வெளிச்சத்தை முன்பக்கம் திருப்பிவிடும் பிரதிபலிப்புத் தாள். அதன் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ஒரு பிளாஸ்டிக் தகடு. லேப்டாப்பில் பேக்லைட் எல்இடிகள், அதாவது பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்குகள், பெரும்பாலும் இந்தத் தகட்டின் கீழ் விளிம்பில் மட்டும்தான் வரிசையாக இருக்கும். அங்கிருந்து பக்கவாட்டில் நுழையும் ஒளியைத் திரை முழுக்கச் சமமாகப் பரப்புவது தகட்டின் வேலை. அதற்காக அதில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்புள்ளிகளைப் பதித்திருப்பார்கள். எல்இடிக்குப் பக்கத்தில் புள்ளிகள் அரிதாகவும், தூரம் போகப்போக நெருக்கமாகவும் இருக்கும். அதற்கு மேல் ஒளியைக் கலைக்கும் டிஃப்யூசர் தாள், ஒளியை நேராக நம் பக்கம் குவிக்கும் பிரிசம் தாள்கள். இதுவரை சொன்னதெல்லாம் பேக்லைட் பகுதி. இதற்கு முன்னால்தான் படம் உருவாகிற கண்ணாடி வருகிறது: பின் போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்), இரண்டு மெல்லிய கண்ணாடிகள், அவற்றுக்கு நடுவே திரவப் படிகம், முன் போலரைசர், அதன் மேல் பளபளப்பைக் குறைக்கும் பூச்சு.

இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஏறக்குறைய 3 முதல் 4 மைக்ரான். தலைமுடியின் தடிமனை 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதில் இருபதில் ஒரு பங்கு. திரையை விரலால் தொட்டதும் அலையடிப்பது ஏன் என்று இப்போது புரியும். பேக்லைட் தரும் ஒளியில் பத்தில் ஒரு பங்குகூட இத்தனை அடுக்கையும் தாண்டி நம் கண்ணுக்கு வருவதில்லை. ஆகவே உள்ளே எந்தத் தாள் லேசாக நசுங்கினாலும், ஒட்டிக்கொண்டாலும், ஈரம் பட்டாலும், அது வெளியே ஒரு திட்டாகத் தெரிந்துவிடும். எந்த அடுக்கில் கோளாறு என்பதைப் பொறுத்துத்தான் அது போகுமா, பரவுமா, பேனலை மாற்ற வேண்டுமா என்பதெல்லாம்.

சரி, சோதனைக்கு வருவோம். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

திறந்திருக்கும் ஏதாவது ஒரு விண்டோவை இழுத்துத் திட்டின் மேல் அங்குமிங்கும் நகர்த்துங்கள். விண்டோவோடு சேர்ந்து திட்டும் நகர்ந்தால் அது படத்திலேயே இருக்கிறது. நகராமல் அதே இடத்தில் நின்றால் திரையில் இருக்கிறது. இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமலேயே பலர் டிரைவரை அழித்து அழித்துப் போடுகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் பார்க்கலாம். ஆனால் அதை அதே லேப்டாப்பில் திறந்து பார்த்துவிட்டு ‘ஸ்கிரீன்ஷாட்டிலும் திட்டு இருக்கிறதே’ என்று பதற வேண்டாம். கெட்ட திரையில் எதைத் திறந்தாலும் அந்த இடத்தில் திட்டு தெரியத்தான் செய்யும். படத்தைக் கைபேசிக்கு அனுப்பி அங்கே பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் ஒரு டிவியையோ மானிட்டரையோ இணைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. வெளித் திரையில் படம் சுத்தமாக வந்தால் கிராஃபிக்ஸ் சிப் மேல் இருந்த சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. லேப்டாப் தொடங்கும்போது, இயங்குதளம் ஏறும் முன்பே வரும் பயோஸ் அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயும் அதே இடத்தில் திட்டு தெரிந்தால் டிரைவருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இரவுக் காட்சி வரும் வீடியோவில் மட்டும் கருப்புப் பகுதி திட்டுத்திட்டாகத் தெரிகிறது என்றால், அது வீடியோவைச் சுருக்கியதால் வருவது. வானம் மாதிரி நிறம் மெல்ல மாறும் படங்களில் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகத் தெரிந்தால், பேனல் 6 பிட் வகையாக இருக்கலாம். அதாவது ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் சொந்தமாக 64 படிகளே உண்டு. மீதியைப் புள்ளிகளை மாற்றி மாற்றிக் காட்டி ஈடுகட்டுகிறது. இவை இரண்டும் பழுது இல்லை.

அடுத்தது மேற்பரப்பு. லேப்டாப்பை அணைத்து, திரை கருப்பாக இருக்கும்போது டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். விரல் எண்ணெய், கீபோர்டு விசைகளின் சதுர அச்சு, பூச்சு தேய்ந்த இடம் எல்லாம் அந்தச் சாய்ந்த ஒளியில் தெளிவாகத் தெரியும். திரை எரியும்போது மட்டும் தெரிந்து, அணைத்ததும் மறைகிற திட்டு உள்ளே இருக்கிறது. அணைத்த பிறகும் டார்ச்சில் தெரிந்தால் வெளியே. துடைக்க மைக்ரோஃபைபர் துணியும் காய்ச்சி வடித்த நீரும் போதும். துணி ஈரமாக இருக்கலாம், சொட்டக் கூடாது. அம்மோனியா கலந்த கண்ணாடி சுத்திகரிப்பான், அசிட்டோன் இரண்டும் பூச்சை அரித்துவிடும். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சில தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள்; உங்கள் மாடலின் கையேட்டில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் தொடுங்கள். எதையும் நேரடியாகத் திரையில் ஸ்பிரே செய்யாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி நிறச் சோதனை. பெயிண்ட் போன்ற ஏதாவது ஒரு மென்பொருளில் ஒரே நிறத்தால் நிரப்பிய ஏழு படங்கள் செய்துகொள்ளுங்கள்: வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம், அப்புறம் இரண்டு சாம்பல். சாம்பலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் ஒரே எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு 128, இன்னொன்றுக்கு 64. 255-இல் 128 என்றால் பாதி வெளிச்சம் என்று தோன்றும். ஆனால் திரைகள் வழக்கமாகப் பின்பற்றும் 2.2 காமா கணக்கில் அது முழு வெண்மையின் ஏறக்குறைய 22 சதவீதம்தான். இந்த இடைநிலையில்தான் திரவப் படிகத்தின் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வுகள்கூட வெளியே வரும். அறையை இருட்டாக்கி, லேப்டாப் அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, ஒவ்வொரு படத்தையும் முழுத்திரையில் வைத்துப் பாருங்கள்.

வெள்ளையிலும் சாம்பலிலும் திட்டு ஒரே அளவில், ஒரே வடிவில் தெரிகிறது, கருப்பில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்றால் கோளாறு பேக்லைட் தாள்களில். முன்னால் இருக்கும் கண்ணாடி ஒளியை விட்டால் திட்டும் தெரிகிறது, அடைத்தால் மறைகிறது. வெள்ளையிலும் கருப்பிலும் ஒன்றும் தெரியாமல் சாம்பலில் மட்டும், லேசான நிறம் கலந்து தெரிந்தால் அது கண்ணாடி இடைவெளியின் சீரின்மை. இதைத் திரைத் தொழிலில் ‘முரா’ என்பார்கள். சமமின்மை என்று பொருள்படும் ஜப்பானியச் சொல். கருப்பில் மட்டும், ஓரங்களிலிருந்து உள்நோக்கி வெளிச்சம் கசிந்தால், திரையைச் சுற்றியுள்ள சட்டம் கண்ணாடியை இறுக்குகிறது என்று பொருள். அதே கருப்பில் மூலைகளில் வரும் மினுமினுப்பு, நீங்கள் தலையை நகர்த்தும்போது கூடக்கூட நகர்ந்தால் அது ஐபிஎஸ் என்ற எல்சிடி வகைப் பேனலின் சுபாவம். இரண்டு மீட்டர் தள்ளி நின்று நேராகப் பாருங்கள்: சுபாவமாக வரும் மினுமினுப்பு பெருமளவு அடங்கிவிடும், கசிவு அப்படியே நிற்கும்.

கைபேசியில் படம் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருப்புத் திரையைக் காட்டினால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டு, கண்ணுக்கே தெரியாத கசிவைக்கூட தீப்பிடித்தது போலக் காட்டும். வெளிச்ச அளவைப் பூட்டி, கண்ணில் எப்படித் தெரிகிறதோ அதற்கு நெருக்கமாகக் குறைத்துக்கொண்டு எடுங்கள்.

விளிம்பு ஓரளவு தெளிவாக இருக்கும் புள்ளி என்றால், அது பிக்சலுக்கு முன்னாலா பின்னாலா என்று கண்ணாலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. மவுஸ் அம்பின் நுனியைப் புள்ளியின் விளிம்பில் சரியாகத் தொடும்படி வையுங்கள். திரையிலிருந்து ஒரு அடி தூரத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை மெதுவாக வலப்பக்கம் நன்றாகக் கொண்டுபோங்கள். அம்பு இருப்பது பிக்சல் அடுக்கில். புள்ளி அதற்குப் பின்னால், டிஃப்யூசரில் இருந்தால் அம்பை விட்டு மயிரிழை அளவு வலப்பக்கம் விலகும். முன்னால், மேற்பரப்பில் இருந்தால் இடப்பக்கம் விலகும். அசையவே இல்லையென்றால் அது பிக்சல் அடுக்கிலேயே இருக்கிறது. 15.6 அங்குல முழு எச்டி திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.18 மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் இரண்டு மூன்று பிக்சல் விலகினாலே போதும், கூர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே புகுந்த தூசியையும் செத்த பிக்சலையும் பிரித்தறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. மேகம் போல ஓரமே இல்லாத திட்டுக்கு மட்டும் இது உதவாது.

அடுத்த சோதனைக்கு ஒரு அளவுகோல் வேண்டும். உங்கள் வெள்ளைத் திட்டுகளுக்கு இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூடியை மூடும்போது திரையின் கீழ்ப்பாதி கீபோர்டின் மேல் படுகிறது. மேல்பாதி, நாம் மணிக்கட்டை வைக்கும் இடத்தின் மேலும் டச்பேடின் மேலும் படுகிறது. இடது இடதாகவே இருக்கும். ஆகவே கீலிலிருந்து திட்டு எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அளந்து, அதே தூரத்தைக் கீலிலிருந்து கீழ்ப்பாகத்திலும் அளந்தால், மூடியிருக்கும்போது திட்டுக்கு நேர் எதிரே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு மாணவி தன் லேப்டாப்பை என்னிடம் கொண்டுவந்தார். திரையின் மேல்பாதி நடுவில் நிலா மாதிரி இரண்டு வெளிறிய வட்டங்கள். புத்தகப் பையில் சார்ஜர் கட்டி அழுத்தியிருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். கீலிலிருந்து 16 சென்டிமீட்டர். கீழே அதே 16 சென்டிமீட்டரில் டச்பேட். விரலால் தடவினேன், டச்பேடின் ஒரு விளிம்பு மற்றதைவிடத் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தினால் ‘கிளிக்’ வரவில்லை, மரக்கட்டையை அழுத்துவது போல இருந்தது. சமதளமான மேசையில் வைத்துத் தட்டியபோது லேப்டாப் லேசாக ஆடியது. அடியில் பேட்டரி வீங்கி டச்பேடை மேலே தள்ள, ஒவ்வொரு முறை மூடும்போதும் அது திரையைக் குத்திக்கொண்டிருந்தது. திரைக் கறைக்காக வந்தவர், அன்று சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப்பை அணைத்துவிட்டு, பேட்டரியை மாற்றத்தான் போனார். அதுதான் சரியான முடிவும்கூட. வீங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடிய பொருள். அதைக் குத்துவது, நசுக்குவது, சார்ஜ் போடுவது எதுவும் கூடாது. திரை அசிங்கமாக இருந்தாலும் காத்திருக்கும், பேட்டரி காத்திருக்காது.

அழுத்தினால் ஏன் வெள்ளையாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் பட்ட இடத்தில் தாள்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொள்ளும், அல்லது பிரிசம் தாளின் நுண்ணிய முகடுகள் நசுங்கும், அல்லது ஒளி பரப்பும் தகட்டில் தடம் விழும். எப்படியானாலும் அந்த இடத்தில் தகட்டிலிருந்து ஒளி கூடுதலாக வெளியேறிவிடும். அதனால்தான் சுற்றுப்புறத்தைவிட வெளிச்சமாக, ஓரம் கரைந்த வட்டமாகத் தெரிகிறது. பையில் மூடியின் முதுகை அழுத்தும் சார்ஜர், லேப்டாப் மேல் அடுக்கும் புத்தகங்கள், மூடியை மூலையில் பிடித்துத் தூக்கும் பழக்கம், கேமராவின் மேல் ஒட்டும் தடித்த மூடி, கீபோர்டில் மறந்து வைத்த பேனா என்று அழுத்தத்துக்குக் காரணங்கள் நிறைய. அழுத்துகிற பொருளை அகற்றிவிட்டால் இந்த வகைத் திட்டு பொதுவாகப் பெருகாது. ஆனால் முழுதாக மறைவதும் அரிது.

கறுத்த அல்லது ஊதா நிறத் திட்டு வேறு கதை. மை கொட்டியது போல, ஓரம் கூர்மையாக, கருப்பும் ஊதாவும் கலந்து இருந்தால் கண்ணாடி உள்ளே விரிசல் விட்டுத் திரவப் படிகம் கசிந்திருக்கிறது. டார்ச்சைச் சாய்த்தால் சிலந்தி வலை போல மெல்லிய விரிசலும் கண்ணில் படலாம். இது நாளாக ஆகப் பரவக்கூடியது. பேனலை மாற்றுவது தவிர வழியில்லை. கோப்புகளை உடனே பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஈரம் புகுந்த திட்டை அதன் கரையை வைத்தே சொல்லிவிடலாம். காகிதத்தில் தண்ணீர் கொட்டிக் காய்ந்தால் ஓரம் மட்டும் அழுத்தமாக, வரைபடத்தில் கடற்கரை மாதிரி வளைந்து நெளிந்து தெரியுமே, அதே போலத்தான் டிஃப்யூசர் தாள்களுக்கு நடுவிலும் படியும். பெரும்பாலும் இது கீழ் ஓரத்திலிருந்து மேலே ஏறியிருக்கும். திரையில் நேரடியாக அடித்த சுத்திகரிப்பான் வழிந்து, கீழ்ச் சட்டத்தின் இடுக்கில் இறங்கி, தாள்களுக்கு நடுவே உறிஞ்சிக்கொள்ளப்படுவதால் வருவது. பேனலின் மின்சுற்றுப் பலகையும் பெரும்பாலும் அந்தக் கீழ் ஓரத்தில்தான் இருக்கிறது, அதனால் கறையோடு போகாமல் சில நேரம் கோடுகளும் விழும். அப்போதுதான் ஈரம் பட்டது என்றால் உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஓரிரு நாள் காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். ஈரம் போகலாம்; கரை மட்டும் பெரும்பாலும் தங்கிவிடும்.

கீழ் ஓர இருட்டுக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. எல்இடி ஒன்றோ ஒரு வரிசையோ அணைந்தால் அந்த இடத்தில் விளிம்பில் அடர்த்தியாகவும் மேலே போகப்போகக் கரைந்தும் நிழல் விழும். மேடை விளக்கு வரிசையில் ஒன்று அணைந்தால் எப்படி இருக்குமோ அப்படி. பிரகாசத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் வடிவம் மாறாது. இன்னொன்று, கீல் வழியாகப் போகும் கேபிள் தேய்வது. இதில் மூடியின் கோணத்தைப் பொறுத்து நிழல் வரும், போகும், சில கோணங்களில் வெளிச்சமே அணையும். மூடியை மிக மெதுவாகத் திறந்தபடி கீழ் ஓரத்தைக் கவனித்தால் தெரிந்துவிடும். கேபிள் தனியாகக் கழலும் மாடலாக இருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஆகவே பேனலை மாற்றச் சொல்லும் முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

மஞ்சள் திட்டுகள் பெரும்பாலும் வெப்பத்தாலும் வயதாலும், கண்ணாடியோடு ஒட்டிய டச் திரைகளில் பசையாலும் வருபவை. ஒரே படத்தை மணிக்கணக்கில் காட்டியதால் அதன் நிழல் தங்கிவிட்டால், எல்சிடியில் அது பெரும்பாலும் தற்காலிகம். சில மணி நேரம் அணைத்து வைத்தாலோ வேறு படங்களை ஓடவிட்டாலோ கரையும். மினி எல்இடி பேக்லைட் உள்ள திரையில் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது அந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பு.

ஓஎல்இடி திரை என்றால் மேலே சொன்ன தாள்கள், தகடு எதுவுமே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது. அதனால் அழுத்தத்தால் வரும் வெள்ளை நிலாக்கள் அதில் வராது. கீழே இருக்கும் பணிப்பட்டை போல எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் உருவங்களின் தடம் நிரந்தரமாகப் பதியலாம். மிகக் கருஞ்சாம்பலில் மெல்லிய செங்குத்துப் பட்டைகளும் தெரியலாம். பிக்சல் புதுப்பிப்பு வசதி இருந்தால் தயாரிப்பாளர் சொல்லும் முறையில் அதை ஓடவிடுங்கள், அடிக்கடி வேண்டாம்.

தயவுசெய்து செய்யக் கூடாத சில விஷயங்கள். திட்டின் மேல் விரலை வைத்து மசாஜ் செய்வது, பென்சில் ரப்பரால் தேய்ப்பது, ஹேர் டிரையர் சூடு காட்டுவது. தேய்த்ததும் ஒரு நிமிடம் மறைந்தது போல இருக்கும், ஏனென்றால் அழுத்தத்தில் தாள்கள் இடம் மாறுகின்றன. கையை எடுத்தால் பழைய திட்டு திரும்பி வரும், பக்கத்தில் புதியதும் சேர்ந்துகொள்ளும். சூடு போலரைசரையும் பசையையும் கெடுக்கும். ஒரு திட்டோடு வந்தவர் மூன்று திட்டோடும் கண்ணாடி விரிசலோடும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பொறுமையாக விட்டிருந்தால் அந்தத் திரை இன்னும் சில வருடம் உழைத்திருக்கும் என்பதை நினைத்தால் இன்னமும் வருத்தமாக இருக்கிறது.

பேனலைப் பிரித்து டிஃப்யூசர் தாளை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்பார்கள். முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். தூசி இல்லாத அறை இல்லாமல் தாள்களைப் பிரித்து அடுக்கினால், எடுத்த திட்டுக்குப் பதிலாக ஒரு டஜன் தூசிப் புள்ளி உள்ளே குடியேறும். வாரண்டி இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். அழுத்தத் தடத்தைப் ‘பயன்படுத்துபவரால் ஏற்பட்ட சேதம்’ என்று தள்ளிவிடுவது வழக்கம் என்பதால், புது லேப்டாப் வாங்கிய அன்றே வெள்ளை, சாம்பல், கருப்பு மூன்றையும் முழுத்திரையில் வைத்துத் தேதியோடு படம் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். செத்த பிக்சலுக்கு ஐஎஸ்ஓ 9241-307 போன்ற தரநிலைகளில் எத்தனை வரை பொறுக்கலாம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள்; மேகம் போன்ற திட்டுக்கு வாடிக்கையாளர் கையில் எடுத்துக் காட்டுகிற மாதிரியான எண்ணிக்கை கிடையாது. உங்கள் படங்கள்தான் பேசும்.

வெளியே மாற்றுவதானால் பழைய பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். அளவும் ரெசல்யூஷனும் ஒத்துப்போனால் போதாது. இணைப்பான் 30 பின்னா 40 பின்னா, பிரகாசம் எத்தனை நிட், நிற வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற வரம்பை முழுதாகக் காட்டிய பேனலுக்குப் பதில், என்டிஎஸ்சி என்ற அளவுகோலில் 45 சதவீத நிறமே காட்டும் பேனல் போட்டால், திட்டு போயிருக்கும், கூடவே நிறமும் போயிருக்கும். மாற்றுபவர் திரைக் கேபிளைத் தொடும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அந்தக் கேபிளில் பேக்லைட்டுக்கான மின்சாரமும் போகிறது. மின்சாரம் இருக்கும்போது பிடுங்கிச் செருகினால் மதர்போர்டில் உள்ள சின்ன பியூஸ் போய்விடக்கூடும். அப்போதுதான் உண்மையிலேயே போர்டு வேலை வந்து சேரும்.

இனி உங்கள் லேப்டாப். மேல்பாதி நடுவில் இரண்டு வெள்ளைத் திட்டு என்கிறீர்கள், மூன்று வருடப் பேட்டரி. அளவுகோலை எடுத்துக் கீலிலிருந்து தூரத்தை அளந்து, டச்பேடைத் தடவிப் பாருங்கள். மற்ற எல்லாச் சோதனைக்கும் முன் இதைச் செய்யுங்கள். டச்பேட் தூக்கியிருந்தாலோ, மேசையில் லேப்டாப் ஆடினாலோ, மூடி முழுதாக மூடவில்லையென்றாலோ, சார்ஜரைக் கழற்றி அணைத்துவிட்டு, பேட்டரி மாற்றும் வரை திறக்க வேண்டாம். அப்படி எதுவும் இல்லையென்றால் அது பெரும்பாலும் பையில் பட்டது போன்ற பழைய அழுத்தம். வேலைக்கு இடைஞ்சல் இல்லாதவரை அதற்காகச் செலவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. கீழ் இடது இருட்டுக்கு, சாம்பல் படத்தை முழுத்திரையில் வைத்துக்கொண்டு மூடியை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். கோணத்தோடு மாறினால் கேபிள். மாறாமல், கரை கட்டிய வடிவமாக இருந்தால் ஈரம். மாறாமல், விளிம்பில் அடர்ந்து மேலே கரைந்தால் எல்இடி. பிந்தைய இரண்டுக்கும் பேனலை மாற்ற வேண்டியிருக்கும். மதர்போர்டை யாரும் தொட வேண்டியதில்லை.